பெருமாள் மேஸ்திரி வீதி

மதுரைத் திருநகரின் வீதிகள் மாதங்களின் பெயரைத் தாங்கி நிற்பதை நம் சங்கத்துக் குழந்தைகளும் அறிவர். ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று கோயிலைச் சூழ்ந்து விரியும் அவ்வீதிகளைக் கடந்தவுடன் மாதப் பெயர் நின்று மனிதர் பெயர் தொடங்குகின்றது. பெருமாள் மேஸ்திரி வீதி, மாரட் வீதி என்னும் இரண்டிலும் நாம் நாள்தோறும் நடக்கின்றோம், சாமான் வாங்குகின்றோம், விலை பேசுகின்றோம். பெயர்க் காரணத்தை மட்டும் வினவுகின்றோமில்லை. வினவினால், கட்டடத் தொழிலின் சரித்திரமே அப்பெயரிலிருந்து அவிழக் காணலாம்.

1840-ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில், நாயக்கர் கோட்டையின் மதிலும் அகழியும் நகரை நெருக்கிக்கொண்டிருந்தன. அப்பொழுது ஜில்லா கலெக்டராயிருந்த பிளாக்பர்ன் துரை, மதிலை இடித்து அகழியைத் தூர்த்துப் புதிய வீதிகள் வகுக்கச் செய்தார். அளவு காரியத்தைப் பார்த்தவர் மாரட் என்னும் சர்வேயர். ஆட்களை நடத்தி வேலையை முடித்தவர் பெருமாள் மேஸ்திரி. கலெக்டருக்கு நகரத்தார் நிறுவிய ஞாபகச் சின்னமே இன்று விளக்குத்தூண் என்று வழங்குகின்றது. மற்றை இருவர்க்கும் வீதிகளே ஞாபகச் சின்னங்களாயின.

ஏவுவோர் ஒருவர், அளந்து வரைவோர் ஒருவர், செய்து முடிப்போர் ஒருவர் என இங்கே மூவர் தோன்றுகின்றனர். இம்மூவருள் பின்னிருவரும் முற்காலத்தில் ஒருவராகவே இருந்தனர் என்பதும், அவர்கள் பிரிந்தமையால் விளைந்தது யாது என்பதுமே இக்கட்டுரையின் பொருளாம்.

மயமதம், மானசாரம் முதலிய சிற்ப நூல்கள் கட்டடத் தொழிலாளரை ஸ்தபதி, சூத்திரக்கிராகி, தக்ஷகன், வர்த்தகி என நால்வராக வகுக்கும். ஸ்தபதி முதல்வன். நூல் பிடித்து அளவு காண்பவன் சூத்திரக்கிராகி. அவன் ஸ்தபதியின் மகனாகவோ மாணாக்கனாகவோ இருத்தல் வேண்டும் என்பது விதி. ஆகவே பழைய தொழிற்கூடம் என்பது ஒரு குடும்பமே. முழக்கோலும் நூலும் தூக்குக்குண்டும் மூலைமட்டமும் தந்தையிடமிருந்து மகன் கைக்கு வந்தன. வரைந்தவனே நின்று கட்டினான். கட்டினவனே குறைக்கும் விடை சொன்னான்.

1636-ஆம் ஆண்டை ஒட்டி எழுந்த திருமலை நாயக்கர் மஹாலைப் பாருங்கள். அதன் பெருந்தூண்களும் வளைவுகளும் பெரும்பாலும் செங்கல்லாலும் சுண்ணாம்புக் காரையாலும் சுதையாலும் ஆனவை. சுண்ணாம்பைச் சுட்டு, நீரில் நீற்றி, மணலோடு சேர்த்து மாடு இழுக்கும் செக்கில் அரைத்து, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய நீர் விட்டுப் பதம் கண்டனர். அக்காரை காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல உண்டு, ஆண்டுக்கணக்காக இறுகுவது. அதன் பதத்தைச் சொல்வது புத்தகமன்று, மேஸ்திரியின் விரலேயாம்.

நிற்க. இம்முறை மூன்று படிகளில் மாறிற்று.

முதற்படி, வரைவு காரியாலயத்துக்குச் சென்றது. 1858-ல் சென்னை மாகாணத்தில் மராமத்து இலாகா ஏற்பட்டது. 1794-ல் சர்வே பள்ளியாகத் தொடங்கியது பின் கிண்டி எஞ்சினீயரிங் கல்லூரியாக வளர்ந்தது. படம், எஸ்டிமேட், காண்டிராக்ட் என்னும் மூன்று புதுச் சொற்கள் தொழிலுக்குள் புகுந்தன. படம் எஞ்சினீயரிடமும் பணம் காண்டிராக்டரிடமும் நிற்க, மேஸ்திரி கூலிக்கு ஆள் சேர்ப்பவரானார். ஆயினும் அவரின்றி வேலை நடக்கவில்லை. சிதைந்து கிடந்த மஹாலை நேப்பியர் பிரபு கவர்னராயிருந்த காலத்தில் செப்பனிடத் தொடங்கியபொழுது, ராபர்ட் சிசோல்ம் என்னும் ஆங்கிலக் கட்டடக் கலைஞர் அவ்வேலையை ஏற்றார். படம் அவருடையதாயினும், சுதை பூசத் தெரிந்த கை இந்நாட்டவருடையதாகவே இருந்திருத்தல் வேண்டும்.

இரண்டாம் படி சிமெண்டு. 1914-ல் போர்பந்தரிலும், 1934-ல் கோயமுத்தூரை அடுத்த மதுக்கரையிலும், 1949-ல் திருநெல்வேலித் தாழையூத்திலும் ஆலைகள் எழுந்தன. தேக்கு உத்திரத்தின்மேல் கட்டை பாவி, சிறு செங்கற்களைச் செங்குத்தாக நிறுத்திக் காரையிட்ட மெட்ராஸ் டெரஸ் தளம் மறைந்து, கம்பி கட்டிய கான்கிரீட் தளம் வந்தது. இதனால் நன்மை பெரிது. ஏழை வீட்டுக்கும் உறுதியான தளம் கிடைத்தது. மாடிமேல் மாடி கட்ட இயன்றது. ஆனால் விரலில் இருந்த பதம் மூட்டைக்குள் போயிற்று. மேலும், மரம் உளுத்தால் கண்ணுக்குத் தெரியும். கான்கிரீட்டுக்குள் துருப்பிடிக்கும் கம்பியோ தளம் வெடித்த பின்னரே தெரியும். கண்ணுக்குத் தெரியாத பொருளைக் கணக்கினாலன்றிக் காக்க முடியாது. ஆதலின் கணிதம் கற்ற எஞ்சினீயர் அவசியமானார் என்பதை நாம் மனமார ஒப்புக்கொள்ளல் வேண்டும்.

மூன்றாம் படி சட்டம். 1972-ல் பாராளுமன்றம் ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டத்தை இயற்றிற்று. அதன்படி பதிவு பெற்றவரன்றிப் பிறர் ஆர்க்கிடெக்ட் என்னும் பெயரைப் பூணலாகாது. பட்டமில்லாவிடினும் முன்பே ஐந்தாண்டு அத்தொழில் நடத்தியவர் பதிந்துகொள்ள ஒரு வழியும் அச்சட்டத்தில் இருந்தது. ஆனால் அளவுகளை நினைவில் வைத்துக் கட்டிய குடும்பங்கள் பல; தாம் செய்ததைக் காட்ட அவர்களிடம் தாளில்லை. திறமை இருந்தும் சான்று இன்மையால் பெயர் போயிற்று. 2020-ல் உச்ச நீதிமன்றம், அச்சட்டம் பெயரைத்தான் காக்கின்றது, கட்டடம் வரையும் தொழிலைப் பிறர்க்கு முற்றும் தடுக்கவில்லை என்று தீர்ப்பளித்தது. எனினும் 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த கட்டட விதிகள் முதலியவற்றால், அநுமதி பெறும் படத்தில் பதிவு பெற்றோர் கையெழுத்து வேண்டியிருக்கின்றது.

இவ்விடத்து யான் கண்ட ஒன்றைக் கூறுவேன். என் பழைய மாணாக்கர் ஒருவர் ஐந்தாண்டு படித்துப் பட்டம் பெற்று, இந்நகரில் மூவர் மட்டுமே பணிபுரியும் சிறு காரியாலயம் நடத்துகின்றார். தந்தையார் மேஸ்திரி. ஒருநாள் என் வீட்டுக்கு வந்து, "ஐயா, பிழைப்பு நடத்துவது அரிதாயிருக்கின்றது. வீடு முழுவதையும் சதுர அடிக் கணக்கில் ஒப்புக்கொள்ளும் பெரிய காண்டிராக்ட்காரர் படத்தை இனாமாகவே கொடுத்துவிடுகின்றனர். நான் படத்துக்குக் கூலி கேட்டால் முகம் சுளிக்கின்றனர். நேற்று ஒருவர், தாம் வரைந்த படத்தில் கையெழுத்து மட்டும் போட்டால் நல்ல தொகை தருவதாகச் சொன்னார். இடத்தைக்கூடப் பார்க்க வேண்டாமாம்" என்றார்.

யான் உடனே விடை கூறவில்லை. சில ஆண்டுகட்கு முன் யான் கட்டிய சிறு வீட்டின் தளம், முதல் மழையிலேயே ஒழுகிற்று. படம் வரைந்தவரைக் கேட்டேன். அவர் காண்டிராக்டரைக் காட்டினார். அவர் கொத்தனாரைக் காட்டினார். கொத்தனார் சிமெண்டு மூட்டையைக் காட்டினார். மூட்டையோ பேசவில்லை. அன்று யான் இழந்தது பணம் மட்டுமன்று. யாரை நம்புவது என்னும் தெளிவையும் இழந்தேன். இதனை அவர்க்குச் சொல்லி, "தம்பி, கையெழுத்து என்பது மையன்று; பொறுப்பு. அதனை வாடகைக்கு விடாதே" என்றேன்.

அவர் போட மறுத்துவிட்டார். அத்தொகை வாராமையால் அம்மாதம் காரியாலய வாடகைக்குத் தந்தையாரிடமே கைம்மாற்று வாங்கினார் என்று பின்னர் அறிந்தேன். நேர்மைக்கு விலையுண்டு என்பதை மறைத்தல் ஆகாது. ஆனால் அவ்வாண்டிலேயே அவர் கட்டிய ஒரு வீட்டைக் கண்டு, பக்கத்து வீட்டார் இருவர் அவரைத் தேடி வந்தனர். ஒவ்வொரு தளம் போடும் நாளிலும் தந்தையும் மகனும் கூடவே நின்றதை அவர்கள் மாடியிலிருந்து பார்த்திருந்தனராம். சிறிய தொழிற்கூடத்தின் மூலதனம் இதுவே. பெரிய கம்பெனி விளம்பரம் செய்யலாம். முதலாளியே வெயிலில் நிற்பதை அது விலைக்கு வாங்க இயலாது.

பழைய வித்தை பயனற்றுப் போயிற்று என்று கருதுவோர் 2018-ஆம் ஆண்டை நினைக்க. அவ்வாண்டு பிப்ரவரித் திங்களில் மீனாட்சியம்மன் கோயில் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பற்றித் தூண்கள் வெடித்தன. அவற்றை மீண்டும் நிறுவச் சிமெண்டு மூட்டை உதவவில்லை. தக்க கருங்கல்லை நாமக்கல் ஜில்லா இராசிபுரம் பக்கத்திலிருந்து கொணரவும், அதனைச் செதுக்கும் ஸ்தபதிகளைத் தேடவும் வேண்டியதாயிற்று. ஆண்டுகள் பல நீண்டன. உளி பிடிக்கும் கை குறைந்தால் ஓர் ஊர் தன் கோயிலையே செப்பனிட இயலாது நிற்கும். இதனை முன்னறிந்தே போலும், 1957-ல் அரசாங்கத்தார் மாமல்லபுரத்தில் சிற்பப் பயிற்சிக் கூடம் நிறுவினர். வை. கணபதி ஸ்தபதியார் போன்றோர் நடத்திய அந்நிலையம் இன்று கல்லூரியாய்ப் பட்டமும் வழங்குகின்றது. அப்பெரியார் வடிவமைத்த 133 அடித் திருவள்ளுவர் சிலையைக் குமரிமுனையில் நம்மிற் பலர் கண்டிருப்பர்.

ஆகவே, கட்டடத் தொழிலைச் சேர்ந்த நம் குடும்பத்தார்க்கு யான் விண்ணப்பிப்பன மூன்று. கட்டிய ஒவ்வொரு வீட்டின் அளவும் செலவும் தேதியும் ஒரு கணக்குப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். தாளின்மையால் ஒருமுறை இழந்தது போதும். பிள்ளைகளையும் பெண்களையும் கல்லூரிக்கு அனுப்புங்கள். விடுமுறையில் கட்டுமிடத்துக்கும் அனுப்புங்கள். பாராத வேலைக்குப் பெயர் கொடாதீர்கள்.

அம்மாணாக்கர் விடைபெறும்போது மற்றொன்றும் கேட்டார்: "ஐயா, பெயர்ப் பலகையில் அப்பா பெயரையும் எழுத ஆசை. அவரை ஆர்க்கிடெக்ட் என்று எழுதச் சட்டம் இடந்தராது. என்னவென்று எழுதுவது?"

"மேஸ்திரி என்றே எழுது, தம்பி. இந்நகரத்தில் ஒரு வீதி தாங்கும் பெயரை உன் பலகை தாங்காதா?" என்றேன்.

இப்பொழுது அப்பலகையில் இரண்டு பெயர்களும் இருக்கின்றன.