பிறழ உணர்தல்: மன்னார்க் கரையில் ஒரு சொல்லின் வரலாறு

கேட்ட சொல்லின் பொருளை மாறாகக் கொள்வதை ஆங்கிலர் முன்னொட்டுச் சேர்ந்த ஒற்றை வினையாற் குறிப்பர். தமிழில் அதனைப் பிறழ உணர்தல், பிழைபடக் கொள்ளுதல், மயங்குதல் எனப் பலவாறு கூறுவர். எனினும் நம் தருக்க மரபு அறியாமை, ஐயம், திரிபு என்னும் மூன்றையும் தெளிவாகப் பிரித்துணர்ந்தது. அறியாதவன் கற்பான், ஐயுற்றவன் வினவுவான், திரிபுற்றவனோ, தான் அறிந்துவிட்டதாகவே கருதுதலின் எதனையும் வினவான். அவ்வாங்கில வினை சுட்டுவது இத்திரிபினையே. அதன் இயல்பை விளக்கவல்ல சான்றொன்று மன்னார்க் கடலின் இரு கரைகளிலும் கிடைக்கின்றது.

1542ஆம் ஆண்டின் இறுதிப்பகுதியில் பிரான்சிசு சவேரியார் முத்துக்குளித்துறையை அடைந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. அவரைச் சூழ்ந்த பரதவருக்குப் போர்த்துக்கேய மொழி தெரியாது. இரு மொழியும் ஓரளவு அறிந்தோரைக் கூட்டி, மன்றாட்டுகளைத் தமிழாக்கி மனனம் செய்து, ஊர்தோறும் மக்களை ஓதுவித்தார். பின்னர் தமிழ் கற்ற சேசு சபையினர் அம்மொழிபெயர்ப்பிற் கண்ட பிழைகள் வியப்பிற்குரியன. ‘நம்புகிறேன்’ என்று வரவேண்டிய இடத்தில் ‘வேணும்’ என்ற சொல் நின்றது. பலிபூசையைக் குறிக்கும் ‘மிசா’ என்னும் சொல், ‘மீசை’ என மக்கள் செவியில் விழுந்தது.

இவற்றை நகைப்பிற்குரியனவாக மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. அறியாத ஒலியைக் கேட்ட செவி, தான் அறிந்த சொல்லொன்றை அவ்விடத்தில் இட்டு நிரப்பியது. ‘வேண்டுதல்’ என்பதோ விருப்பத்தையும் இரத்தலையும் நேர்த்தியையும் ஒருங்கே உணர்த்துவது. தெய்வத்தின்முன் தமிழர் இயல்பாகக் கூறும் சொல் அதுவே. ஆகவே மொழிபெயர்த்தோர் சொல்லைப் பிழைத்தனரேனும், மக்களின் வழிபாட்டு உணர்வைப் பிழைத்தனர் என்று கூறவியலாது.

1544இல் மன்னார்த் தீவினர் அழைக்கவே, சவேரியார் தம் சார்பில் குரு ஒருவரை அங்கு அனுப்பினார். அவரும் இம்மன்றாட்டுகளையே ஓதுவித்தார் என்று ஊகிக்க இடமுண்டு. அவ்வாண்டிலேயே யாழ்ப்பாண மன்னன் சங்கிலியின் ஆணையால், புதிதாக மதம் மாறியோர் ஏறத்தாழ அறுநூற்றுவர் கொல்லப்பட்டனர் என்பர். தோட்டவெளியிலுள்ள வேதசாட்சிகள் ஆலயம் அவர்களை இன்றும் நினைவூட்டுகின்றது. குருமார் அம்மதமாற்றத்தை ஆன்ம ஈடேற்றமாகக் கண்டனர். மன்னனோ அதனைத் தன் குடிகள் பறங்கியர் அரசின் கீழ்ச் செல்வதாகக் கண்டான். போர்த்துக்கேயரின் பிற்காலச் செயல்களை நோக்குமிடத்து அவனது அச்சத்தை முற்றும் திரிபெனத் தள்ளவும் இயலாது. 1560இல் அவர்கள் மன்னாரைக் கைப்பற்றினர். ஆயின் ஒரே செயலுக்கு இரு தரப்பார் கொண்ட இருவேறு பொருள்களுக்கிடையே உயிரிழந்தோர் எளிய கரையோர மக்களே.

இத்திரிபுகளைக் களைய முற்பட்டவர் ஹென்றிக்கே ஹென்றீக்கஸ் அடிகளார். 1546இல் இந்தியா வந்த அவர், துபாசிகளை நம்பியிராது தாமே தமிழ் பயின்று, போர்த்துக்கேய மொழியில் தமிழிலக்கணம் ஒன்றும் வரைந்தார். 1560இல் மறுகரைப் பரதவர் பலர் மன்னாரிற் குடியேற்றப்பட்டபோது, அவரும் அத்தீவில் தங்கிப் பணிபுரிந்தார். 1578இல் கொல்லத்தில் அச்சேறிய ‘தம்பிரான் வணக்கம்’ அவரது மொழிபெயர்ப்பே. தமிழெழுத்தில் இந்திய மண்ணில் அச்சான முதல் நூலாக இன்று கிடைப்பது அதுவாகும். ‘வேணும்’ என நின்ற இடத்தில் காலப்போக்கில் ‘விசுவாசம்’ நிலைபெற்றது. ‘மிசா’ பூசையாகி, இன்று திருப்பலியாயிற்று.

தமிழ் அச்சின் தொடக்க வரலாற்றைச் சமயம் பரப்பும் ஆர்வத்தின் விளைவாக மட்டும் காண்பது மரபு. பிறழ உணர்ந்த ஒரு தலைமுறையின் பட்டறிவும் அதற்குக் காரணமாயிற்று என்பது மன்னார்க் கரை உணர்த்தும் உண்மை. ஐயமுறத் தொடங்கிய நாளிலேயே திரிபு நீங்கத் தொடங்கியது.