குரோஷா வட்டப் பை

கொக்கி முனையுள்ள ஒற்றை ஊசியால் தடித்த கயிற்றைக் கண்ணி கண்ணியாக இழுத்து, வட்டமாகப் பின்னிச் செய்யும் கைப்பை. நடுவில் ஒரு சிறு வளையத்தில் தொடங்கிச் சுற்றுச் சுற்றாக விரிந்துகொண்டே போகும். ஒரே அளவில் இரண்டு வட்டங்கள் பின்னி, நடுவே ஒரு பட்டியை வைத்து இணைத்து, வாய்ப்பகுதியில் ஜிப் தைத்தால் தோளில் மாட்டும் பை. ஒரே வட்டத்தை அடியாக வைத்து, கண்ணிகளைக் கூட்டாமல் மேலே மேலே பின்னிக்கொண்டு போனால் கூடைப் பை. பருத்திக் கயிறு, பாலியெஸ்டர் கயிறு, நைலான் கயிறு, பனியன் துணியை நீளமாகக் கீறி எடுத்த நாடா என்று எதிலும் பின்னலாம்.

இந்தப் பையைப் பற்றி முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. குரோஷாப் பின்னலை இன்றுவரை எந்த இயந்திரமும் செய்வதில்லை. 'குரோஷா' என்ற பெயரில் ஆலைகளில் வரும் துணி வேறு வகைப் பின்னல்; பார்வைக்கு மட்டும் ஒத்திருக்கும். உலகில் எங்கே ஒரு குரோஷா பை விற்றாலும், அதன் ஒவ்வொரு கண்ணியையும் யாரோ ஒருவர் கையால் இழுத்திருக்கிறார். ஆகவே இந்தப் பையின் வரலாற்றை எழுதுவது அந்தக் கைகளின் வரலாற்றையும் அவற்றுக்குக் கிடைத்த கூலியின் வரலாற்றையும் எழுதுவதாகும்.

முன்னோடிகள்

கயிற்றைக் கொண்டு பாத்திரம் தாங்கும் பழக்கம் தமிழருக்குப் புதிதன்று. உத்தரத்தில் தொங்கவிட்டுப் பால், தயிர், வெண்ணெய்ப் பானைகளைப் பூனைக்கு எட்டாமல் வைக்கும் உறி, கயிற்றை முடிந்து செய்தது. கலித்தொகையில் பாலை வழியே செல்லும் அந்தணர் தம் கரகத்தை உறியில் தொங்கவிட்டுச் சுமந்து போகிறார். உடன் எடுத்துச் செல்லும் கயிற்றுப் பைக்கு நம் இலக்கியத்தில் உள்ள பழைய சான்றுகளில் அதுவும் ஒன்று. ஆனால் உறி முடிச்சால் ஆனது. முடிச்சில் கயிற்றின் நுனியை ஒவ்வொரு முறையும் முழுவதுமாக உள்ளே நுழைத்து இழுக்க வேண்டும். குரோஷாவில் நுனிக்கு வேலையே இல்லை. கண்ணிக்குள் ஊசியை விட்டு, கயிற்றின் நடுப்பகுதியைக் கொக்கியில் மாட்டி வெளியே இழுத்தால் அடுத்த கண்ணி. ஒவ்வொரு கண்ணி முடியும்போதும் ஊசியில் ஒரே கண்ணிதான் நிற்கும். அதை விட்டுவிட்டு இழுத்தால் மொத்தப் பின்னலும் பிரிந்து கயிறாகிவிடும்.

இந்த முறை எங்கே பிறந்தது என்று அரேபியா, சீனா, தென்னமெரிக்கா எனப் பல இடங்களைச் சொல்வார்கள். உறுதியான சான்றுகள் 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவிலிருந்துதான் தொடங்குகின்றன. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த எலிசபெத் கிராண்ட் தம் நினைவுக் குறிப்பில் 1812ஆம் ஆண்டை ஒட்டிய பகுதியில், 'இடையர் பின்னல்' என்ற பெயரில் கொக்கியால் செய்யும் தடித்த பின்னலைக் குறிப்பிடுகிறார். அச்சில் வந்த முதல் குரோஷா மாதிரிகள் 1823இல் 'பெனலோப்பே' என்ற டச்சு இதழில் வெளியாயின. அந்தப் பக்கத்தில் இருந்தவை ஐந்து பணப்பைகள். அவற்றில் மூன்றைப் பட்டு நூலால் குரோஷாவில் பின்னச் சொல்லியிருந்தார்கள். மேசைவிரிப்பும் சட்டைக் கழுத்து லேசும் இந்தப் பின்னலின் முகமாக ஆவதற்கு முன்பே, அச்சேறிய அதன் முதல் வடிவம் பையாகவே இருந்திருக்கிறது.

1845இல் தொடங்கிய அயர்லாந்துப் பெரும்பஞ்சம்தான் இதை வயிற்றுப்பாட்டுத் தொழிலாக்கியது. உருளைக்கிழங்கு அழுகிப்போய் இலட்சக்கணக்கானோர் பட்டினியால் மாண்ட அந்த ஆண்டுகளில், கன்னியர் மடங்கள் பெண்களுக்கும் சிறுமிகளுக்கும் குரோஷா லேஸ் கற்றுக்கொடுத்து, அதை விற்றுக் கஞ்சிக்கு வழி செய்தன. ஒரு ஊசியும் கொஞ்சம் நூலும் போதும், தறி வேண்டாம், பட்டறை வேண்டாம். கைம்முதல் இல்லாத பெண்களிடம் இந்த வேலை வந்து சேர்ந்ததற்கு அதுவே காரணம். இங்கும் அப்படித்தான் நடந்தது.

நாகர்கோவிலும் இடையன்குடியும்

தமிழ் நிலத்தில் லேஸ் வேலை அயர்லாந்துப் பஞ்சத்துக்கும் முந்தியது. லண்டன் மிஷன் சங்கத்தின் சார்பில் 1819இல் நாகர்கோவில் வந்த சார்லஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா மால்ட், 1820களின் தொடக்கத்தில் அங்கே பெண்களுக்கான பள்ளியோடு லேஸ் வகுப்பையும் ஆரம்பித்தார். அது குரோஷா அல்ல. சிறு திண்டின் மேல் குண்டூசிகளைக் குத்தி, நூல் சுற்றிய கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுச் செய்யும் திண்டு லேஸ். கொக்கி ஊசி பின்னால்தான் இதனோடு வந்து சேர்ந்தது. ஆனாலும் நூல் வேலையை நம்பி ஒரு பெண் தனியாகக் காசு பார்க்கலாம் என்ற வழக்கத்தை உண்டாக்கியது இந்தத் திண்டுதான்.

அன்றைய திருவிதாங்கூரில் அதற்கு என்ன பொருள் என்பதை நிறுத்திச் சொல்ல வேண்டும். நாடார் பெண்கள் மேலாடை அணியக் கூடாது என்று அடித்துக் கிழித்த நாடு அது. அதை எதிர்த்த தோள்சீலைப் போராட்டம் அரை நூற்றாண்டு நீண்டு, 1859இல் அரச அறிவிப்பு வந்த பிறகே ஓய்ந்தது. 1855 வரை அடிமை முறை சட்டப்படி இருந்தது. மனிதர்களை நிலத்தோடு சேர்த்து விற்றார்கள், அடகு வைத்தார்கள். அந்தச் சூழலில் லேஸ் வகுப்பில் சேர்ந்த அடிமைப் பெண்கள் சிலர், தம் கைக்கூலியைச் சேர்த்து வைத்து எசமானரிடமிருந்து தம் விடுதலையை விலைகொடுத்து வாங்கினார்கள் என்று மிஷன் வரலாறுகள் பதிவு செய்கின்றன. கடல் கடந்து போய் யாரோ ஒரு சீமாட்டியின் கழுத்துப்பட்டையில் ஏறிய அந்த லேஸ், பின்னியவளுக்கு விடுதலைப் பத்திரமாக இருந்திருக்கிறது. தென்னிந்தியக் கைவினை வரலாற்றில் இதைவிடப் பெரிய செய்தி எனக்குத் தெரிந்து வேறில்லை. ஆனால் இந்தப் பெண்களில் மிகப் பெரும்பாலோரின் பெயர் எங்கும் எழுதிவைக்கப்படவில்லை.

மால்ட் தம்பதியின் மகள் எலைசா, 1844இல் ராபர்ட் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குப் போனார். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய கால்டுவெல்லைத் தமிழர் எல்லாரும் அறிவர். திருநெல்வேலித் தேரிக்காட்டு ஓரத்தில், பனையேறிக் குடும்பங்களின் பெண்களுக்கு எலைசா கற்றுக்கொடுத்த எழுத்தும் லேஸும் அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. பதனீர் இறங்கும் மாதங்களில் மட்டும் வருமானம் வரும் வீடுகளில், ஆண்டு முழுக்க வரும் சிறு கூலி எத்தகைய பிடிமானம் என்பதை அந்த ஊர்க்காரர்கள் சொல்லக் கேட்க வேண்டும்.

1897இல் பெல்ஜியத்திலிருந்து வந்த மரி லூயிஸ் தெ மீஸ்டர், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்திலுள்ள முளகுமூட்டில் ஒரு துறவற சபையைத் தொடங்கினார். அனாதைக் குழந்தைகளை வளர்த்த அந்த மடத்திலும் ஊசிவேலை சோறு போட்டது. எம்பிராய்டரி, லேஸ், குரோஷா மூன்றும் கன்னியாகுமரி மாவட்ட வீடுகளில் தலைமுறைத் தொழிலாக ஊன்றியதில் இம்மாதிரி மடங்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

கணக்கில் வராத வேலை

தமிழ்நாட்டுக்கு வெளியே, ஆந்திராவின் கோதாவரிக் கழிமுகத்தில் உள்ள நரசாபுரம் இந்தியக் குரோஷாவின் பெரிய மையம். அங்கும் 19ஆம் நூற்றாண்டு மிஷனரிக் குடும்பங்கள் வழியாகத்தான் வேலை நுழைந்தது. ஜெர்மானியச் சமூகவியலாளர் மரியா மீஸ் அவ்வூர்ப் பெண்களைப் பற்றி 1982இல் வெளியிட்ட ஆய்வு நூல், இன்றும் குரோஷா பை வாங்கும் ஒவ்வொருவரும் அறிய வேண்டிய ஒன்றைச் சொன்னது. சமையல், தண்ணீர், பிள்ளை வளர்ப்பு எல்லாம் முடித்து மீதி நேரத்தில் அந்தப் பெண்கள் நாளுக்கு ஆறு முதல் எட்டு மணி நேரம் பின்னினார்கள். பின்னியது ஏற்றுமதியாகி அந்நியச் செலாவணி ஈட்டியது. ஆனால் வியாபாரியும் அரசும் அவர்களை 'வீட்டில் சும்மா இருக்கிற பெண்கள்' என்றே கணக்கிட்டார்கள். ஓய்வு நேர வேலை என்று பெயர் வைத்துவிட்டதால், குறைந்தபட்சக் கூலியை யாரும் கேட்கவில்லை. நரசாபுரம் குரோஷா லேஸுக்கு 2024இல் புவிசார் குறியீடு கிடைத்தது. குறியீடு ஊரின் பெயரைக் காக்கும். கண்ணிக்கு இத்தனை காசு என்ற கணக்கை அது தொடுவதில்லை.

கயிறு தடித்த கதை

லேஸிலிருந்து பைக்கு வர, நூல் தடிக்க வேண்டியிருந்தது. 1940களில் உலகப்போருக்காகத் தோல் முடக்கப்பட்டபோது, அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பெண்கள் ரேயான் கயிற்றிலும் தடித்த பருத்தி நூலிலும் கைப்பை பின்னத் தொடங்கினார்கள். நூல் கம்பெனிகள் அதற்கான மாதிரிப் புத்தகங்களைக் குறைந்த விலைக்கு விற்றன. கடினமான குரோஷா கைப்பை வெகுமக்களிடம் பரவியது அப்போதுதான்.

தமிழ்நாட்டில் அதே இடத்தைப் பிடித்தது ஒயர் கூடை. பிளாஸ்டிக் ஒயர் மலிவாகக் கிடைக்கத் தொடங்கிய பிறகு, 1970கள், 80களில் வீட்டுக்கு வீடு பெண்கள் கூடை போட்டார்கள். சென்னை மாம்பலத்திலிருந்து ஸ்ரீமுஷ்ணம் போன்ற சிறு கோயில் ஊர்வரை, காய்கறி வாங்கப் போன கையில் இருந்தது அதுதான். பிஸ்கட் முடிச்சு, சிவன் கண், நெல்லிக்காய் என்று அதன் வகைகளுக்குப் பெயர் வைத்தவர்களும் அந்தப் பெண்களே. ஒயர் கூடையில் முதலிலேயே எல்லா ஒயரையும் அளந்து வெட்டிவிட வேண்டும். நீளம் குறைந்தால் நடுவில் ஒட்டுப்போட வேண்டும். குரோஷாவில் உருண்டையிலிருந்து கயிறு வந்துகொண்டே இருக்கும். ஒயர் கூடை போட்ட கை கயிற்றுப் பைக்கு எளிதில் பழகிவிடுகிறது. இழுப்பின் அளவு அதற்கு ஏற்கெனவே தெரியும்.

ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை வந்தது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கியது. கையோடு பை எடுத்துப் போகும் வழக்கம் திரும்பியபோது ஒயர் கூடையும் திரும்பி வந்தது. ஏறத்தாழ அதே ஆண்டுகளில் பாலித் தீவின் தெங்கனான் ஊர்க்காரர்கள் 'ஆத்தா' என்ற கொடிநாரால் பின்னும் வட்டப் பைகள் உலக நாகரிகமாகி, அந்த வடிவத்தை எல்லா நாட்டு குரோஷாக்காரர்களும் கயிற்றில் பின்னிப் பார்த்தார்கள். இன்று தமிழ்ப் பெண்கள் பின்னும் வட்டப் பை இந்த இரண்டு ஓட்டங்களும் கலந்து பிறந்தது. திருப்பூர்ப் பின்னலாடைக் கழிவிலிருந்து கீறும் நாடா அதற்கு இன்னொரு மூலப்பொருள் ஆயிற்று.

வட்டத்தின் கணக்கு

வட்டம் தட்டையாக அமைவதில்தான் வேலையின் சூட்சுமம். சிங்கிள் குரோஷா கண்ணியின் உயரமும் அகலமும் ஏறக்குறைய ஒன்று. ஒரு சுற்று முடிந்தால் ஆரம் ஒரு கண்ணி கூடும். எனவே சுற்றளவு 2π, அதாவது 6.28 கண்ணி கூட வேண்டும். ஆகவே சுற்றுக்கு ஆறு. முதல் சுற்றில் 6, அடுத்து 12, 18, 24. உயரமான டபுள் குரோஷாவில் சுற்றுக்குப் பன்னிரண்டு. கூட்டல் குறைந்தால் வட்டம் கிண்ணமாகக் குழியும். மிஞ்சினால் ஓரம் கொசுவிக்கொள்ளும். அந்தக் கொசுவலைக் கணிதமாகக் கண்டவர் கணிதவியலாளர் டைனா டைமினா. 1997இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் அவர் குரோஷாவிலேயே, எங்கும் இப்படிக் கொசுவி விரியும் அதிபரவளையத் தளத்தின் மாதிரியைப் பின்னிக் காட்டினார். காகிதத்தில் செய்தால் கிழிந்துபோகும் அந்த வடிவம் நூலில் நின்றது. கூட்டும் கண்ணிகளை எல்லாச் சுற்றிலும் ஒரே நேர்க்கோட்டில் போட்டால் வட்டம் அறுகோணமாகிவிடும் என்பதால், கை பழகியவர்கள் சுற்றுக்குச் சுற்று இடம் மாற்றிப் போடுவார்கள்.

நாலு மில்லிமீட்டர் கயிறும் ஐந்து மில்லிமீட்டர் ஊசியும் கொண்டு பன்னிரண்டு சுற்றுப் பின்னினால் ஓரத்தில் 72 கண்ணி நிற்கும். ஒரு வட்டத்துக்கு மொத்தம் 468. இரண்டு வட்டத்துக்கு 936. பட்டி, கைப்பிடி, இணைப்பு தனி. மெல்லிய நூலில் 936 கண்ணி ஒரு மாலை வேலை. இறுகிய பாலியெஸ்டர் கயிற்றில் ஒவ்வொரு கண்ணிக்கும் மணிக்கட்டைத் திருகி இழுக்க வேண்டும். கட்டைவிரல் அடியில் வலி வந்து பலர் இந்த வேலையை விட்டிருக்கிறார்கள். தடித்த பிடியுள்ள ஊசியும், சிறிது பின்னிச் சிறிது ஓயும் பழக்கமும் கட்டாயம்.

தளர்வாகப் பின்னிய பை சாமான் வைத்ததும் தொய்ந்து நீளும். எனவே கண்ணிகளை நெருக்கிப் போட்டு, உள்ளே காடாத்துணி லைனிங் தைத்து, அடிப்பட்டியில் கனத்த அட்டையோ பிளாஸ்டிக் தகடோ வைப்பது வழக்கம். சங்கிலிப் பின்னலில் செய்த கைப்பிடி நாள்பட நீண்டுவிடும். அகலப் பட்டியாகப் பின்னித் துணியில் தைப்பதோ தோல்வார் மாட்டுவதோ நிற்கும். பாலியெஸ்டர், நைலான் நுனிகளைத் தீயில் காட்டி உருக்கி ஒட்டலாம். பருத்தி நுனியைப் பின்னலுக்குள் செருகித் தைக்க வேண்டும்.

2016 ஜனவரியில், 'மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ்' என்ற குழுவினர் தாம் பின்னிய துண்டுகளைச் சென்னையில் இணைத்து 11,148.5 சதுர மீட்டர் போர்வையாக்கி கின்னஸ் சாதனை செய்தார்கள். வீடுகளுக்குள் தனித்தனியே பின்னியவர்கள் ஓரிடத்தில் எண்ணப்பட்ட அரிய தருணம் அது. விற்பனையில் அவர்களின் உழைப்பு இன்னும் எண்ணப்படவில்லை. பெரும்பாலான பைகளின் விலை கயிற்றுச் செலவோடு ஒரு சிறு தொகையைச் சேர்த்து முடிவாகிறது; பின்னிய மணிநேரம் விலைச்சீட்டில் இருப்பதில்லை. சில குழுக்கள் இப்போது கயிற்றின் விலை, லைனிங், ஜிப், பின்னிய மணிநேரம் என்று நான்காகப் பிரித்து எழுதி, அந்தச் சீட்டைப் பையோடு சேர்த்தே வாங்குபவரிடம் கொடுக்கின்றன.