சிக்கனம் ஈன்ற முகம்: ஸ்பிறைற் காரின் வரலாறு

1958ஆம் ஆண்டு மே மாதம் 20ஆம் திகதி மொன்ரே காலோவில் அறிமுகமான ஒஸ்ரின்-ஹீலி ஸ்பிறைற், ஸ்போர்ட்ஸ் கார் செல்வந்தருக்கே உரியதென்ற எண்ணத்தைத் தளர்த்தியது. இங்கிலாந்தில் வரியுட்பட அதன் விலை 669 பவுண். டொனால்ட் ஹீலி குழுவினர் வார்விக் நகரில் வடிவமைத்த இக்காரை அபிங்டனிலிருந்த எம்.ஜி. தொழிற்சாலை உற்பத்தி செய்தது. 948 கன சென்ரிமீற்றர் இயந்திரம் ஒஸ்ரின் ஏ35 காரிலிருந்தும், திசைதிருப்பும் பொறி மொறிஸ் மைனரிலிருந்தும் பெறப்பட்டவை. இரண்டு காபுரேற்றர்கள் பொருத்தியும் குதிரைவலு 43தான். பாரம் குறைந்த உடலுக்கு அதுவே போதுமாயிற்று.

முகப்பு விளக்குகள் வேண்டாத வேளையில் படிந்து மறையுமாறே முதலில் திட்டமிடப்பட்டது. செலவை அஞ்சி அப்பொறிமுறை கைவிடப்படவே, அவை இயந்திர மூடியின்மேல் விழித்தபடி நிலைத்துவிட்டன. 'தவளைக்கண்' என்ற செல்லப்பெயர் வாய்த்தது அதனாலேயே. கதவுகளுக்கு வெளிப்புறக் கைபிடி இல்லை. பொதியறைக்கு மூடியும் இல்லை. பயணப் பொதிகளை இருக்கைகளின் பின்னால் துழாவியே எடுக்கவேண்டும்! வாங்கியோர் இவற்றைப் பெரிதுபடுத்தினார் அல்லர் போலும். 1961 வரை ஏறத்தாழ 49,000 கார்கள் வெளிவந்தன.

அவ்வாண்டு வந்த இரண்டாம் வடிவத்தில் விளக்குகள் இருமருங்கும் ஒதுங்கின. பொதியறை மூடியும் கிடைத்தது. வசதி கூடிற்று, முகம் போயிற்று. சிறு மாற்றங்களுடன் அதே கார் எம்.ஜி. மிட்ஜெற் என்ற பெயரிலும் விற்பனையாகி, 1979 வரை உற்பத்தியில் நீடித்தது. மறு ஆண்டு அபிங்டன் தொழிற்சாலை மூடப்பட்டது.