பிடித்துக் குறியிட்டு மீண்டும் பிடித்தல்

பிடித்துக் குறியிட்டு மீண்டும் பிடித்தல் என்பது, ஒன்றுவிடாமல் எண்ண முடியாத விலங்குகளின் தொகையைக் கணிக்கும் புள்ளியியல் முறை. ஏரியில் 50 மீன்களைப் பிடித்து, அடையாளமிட்டு விட்டுவிடுகிறார்கள். சில நாள் கழித்து வலை வீசினால் 60 மீன்கள் சிக்குகின்றன. 12 மீன்களில் அடையாளம் இருக்கிறது. அகப்பட்டதில் ஐந்தில் ஒரு பங்கு அடையாளமுள்ளது. ஏரியிலும் அதே விகிதம் என்றால் மொத்தம் சுமார் 250 மீன்கள்.

இந்தக் கணக்கு சரியாக வர மூன்று நிபந்தனைகள் பொருந்த வேண்டும். இடைப்பட்ட காலத்தில் பிறப்பு, இறப்பு, இடப்பெயர்ச்சி கூடாது. அடையாளம் அழியக் கூடாது. எல்லா உயிர்களுக்கும் சிக்கும் வாய்ப்பு சமமாக இருக்க வேண்டும். காட்டிலோ கடலிலோ இவை பொருந்துவது அரிது. அவற்றை ஒவ்வொன்றாகத் தளர்த்தியதே இம்முறையின் வரலாறு.

விகிதத்தை வைத்து மொத்தத்தைக் கணிக்கும் இந்த வழி, விலங்குகளுக்கு முன்பே மனிதர்களுக்குப் பயன்பட்டது. பிரெஞ்சுக் கணிதவியலாளர் லாப்லாஸ், 1802-இல் சில வட்டாரங்களில் மட்டும் மக்களை எண்ணச் செய்து, ஆண்டுக்கு ஒரு பிறப்புக்கு 28.35 பேர் என்று கண்டார். நாடெங்கும் ஆண்டுக்கு 10 லட்சம் பிறப்பு எனக் கொண்டால் மக்கள்தொகை சுமார் 2 கோடியே 83 லட்சம். தம் கணிப்பில் பிழை எவ்வளவு நேரலாம் என்பதையும் அவர் கணக்கிட்டார்.

டென்மார்க்கின் லிம்ஃபியோர்டில் தட்டைமீன்களுக்கு அடையாளமிட்ட பீட்டர்சன், 1896-இல் தம் ஆய்வை வெளியிட்டார். 1930-இல் அமெரிக்காவின் பிரெடரிக் லிங்கன், வாத்துகளின் கால்வளையங்களைக் கொண்டு அதே கணக்கைப் போட்டார். அங்கே ‘மீண்டும் பிடிக்கும்’ வேலையைச் செய்தவர்கள் வேட்டைக்காரர்கள்; சுட்ட வாத்தின் வளையத்தை அவர்கள் அனுப்பிவைத்தார்கள். இருவர் பெயரும் சூத்திரத்தில் நிலைத்தன. பலமுறை வலை வீசும் ஏரி ஆய்வுகளுக்காக ஸோயி ஷ்னாபெல் 1938-இல் அதை விரித்தார்.

பெரிய திருப்பம் 1965-இல் வந்தது. ஜாலி, செபர் இருவரும் தனித்தனியே, விலங்குகள் பிறந்து இறந்துகொண்டிருக்கும்போதே தொகையையும் பிழைப்பு விகிதத்தையும் சேர்த்துக் கணிக்க வழி கண்டார்கள். 1978-இல் ஓட்டிஸும் மற்ற மூவரும், சிக்கும் வாய்ப்பு விலங்குக்கு விலங்கு, நாளுக்கு நாள் மாறினாலும் கணிக்கும் மாதிரிகளைத் தொகுத்தனர். பொறியில் ஒருமுறை மாட்டிய எலி அடுத்த முறை ஒதுங்கிப் போவதும் அவற்றில் அடங்கும்.

இந்தியாவில் நெடுங்காலம் புலிகளைக் கால்தடம் பார்த்தே எண்ணினார்கள். தடத்தை வைத்து ஒவ்வொரு புலியையும் பிரித்தறியலாம் என்பது நம்பிக்கை. கர்நாடகத்தின் நாகரஹொளேயில் உல்லாஸ் கரந்த் வேறு வழி காட்டினார். இரண்டு புலிகளுக்கு ஒரே வரி அமைவதில்லை. அடையாளத்தை இயற்கையே இட்டிருக்கிறது. தானியங்கி கேமராவின் படமே ‘பிடிப்பு’. ஒரே புலிக்கு இடப்பக்க வரியும் வலப்பக்க வரியும் வேறு என்பதால் கேமராக்களை எதிரெதிரே பொருத்துகிறார்கள். 1995-இல் இந்த ஆய்வு வெளியானது.

ராஜஸ்தானின் சரிஸ்கா காப்பகத்தில் ஒரு புலிகூட மிஞ்சவில்லை என்பது 2005-இல் வெளிப்பட்டதும் பழைய முறை கைவிடப்பட்டது. 2006-இல் நடந்த புதிய மதிப்பீடு 1,411 என்றது.

இன்னொரு சிக்கல் மிச்சமிருந்தது. கேமரா வைத்த பரப்புக்கு வெளியிலும் புலி திரியும். அப்படியானால் கணித்த தொகை எவ்வளவு நிலத்துக்கு உரியது? ஒவ்வொரு விலங்கும் எந்தெந்த இடத்தில் சிக்கியது என்பதையும் கணக்கில் சேர்க்கும் மாதிரியை மர்ரே எஃபோர்ட் 2004-இல் முன்வைத்தார். இவ்வகை மாதிரிகளைக் கையாண்ட இந்தியாவின் 2022 கணக்கெடுப்பில் படத்தில் அகப்பட்ட தனிப் புலிகள் 3,080. சராசரி மதிப்பீடு 3,682.

வரையாட்டின் உடலில் இப்படி அடையாளம் ஏதும் கிடையாது. 2024-இல் தமிழ்நாடு நடத்திய கணக்கெடுப்பில் இரட்டைப் பார்வையாளர் முறையும் இடம்பெற்றது. இதில் இரு குழுவினர் ஒரே மலைச்சரிவைத் தனித்தனியே பார்க்கிறார்கள். முதல் குழு கண்ட மந்தை குறியிடப்பட்டதாகவும், அதையே இரண்டாம் குழு காண்பது மறுபிடிப்பாகவும் கொள்ளப்படும். அந்த ஆண்டுக் கணக்கு: 1,031 வரையாடுகள்.