ஓச்சி என்றொரு தம்பி

ஹங்கேரிய மொழியில் அண்ணனுக்கு ஒரு சொல்லும் தம்பிக்கு வேறொரு சொல்லும் உண்டு. ஆங்கிலத்தைப் போல இருவரையும் ஒரே சொல்லுக்குள் அடைத்துவிடும் வழக்கம் அங்கில்லை. இவ்வகையில் அது நம் மொழிக்கு அண்மையில் நிற்கிறது. 'ஓச்சி' என்பது தம்பியைச் செல்லமாக விளிக்கும் சொல். 1950களில் அந்நாட்டின் காற்பந்து அரங்குகளில் 'ஓச்சி' என்று சொன்னால் அது ஒருவரையே குறித்தது. அவர் ஃபெரென்ட்ஸ் புஷ்காஷ்.

அவருடைய வாழ்க்கையை அவருக்கு வாய்த்த பெயர்களின் வழியே வாசிக்கலாம் என்று நமக்குத் தோன்றுகிறது. 1927 ஏப்ரலில் புடாபெஸ்டில் பிறந்தபோது குடும்பப் பெயர் புர்ட்ஸெல்ட். ஜெர்மானிய வழிவந்த குடும்பம். 1937இல் தந்தை அப்பெயரை விடுத்துப் புஷ்காஷ் என்னும் ஹங்கேரியப் பெயரைச் சூடினார். துப்பாக்கிக்காரன் என்பது அதன் பொருள். (பிற்காலத்தில் அவருடைய இடக்காலின் வேகத்தைக் கண்டவர்கள் இதனைக் காரணப்பெயர் என்றே கொண்டிருப்பர்.) தந்தையும் காற்பந்து வீரர்; கிஷ்பெஷ்ட் கழகத்தின் பயிற்சியாளராகவும் இருந்தவர். பக்கத்து வீட்டுச் சிறுவன் யோஷெஃப் போஷிக் விளையாட்டுத் தோழன். கழகத்தில் சேர வேண்டிய வயது நிரம்பாமையால் மிக்லோஷ் கோவாச் என்னும் புனைபெயரில் ஆடத் தொடங்கினார். 1943இல் முதல் அணியிலும், 1945 ஆகஸ்டில் தேசிய அணியிலும் இடம்பெற்றார்.

1949இல் கம்யூனிச அரசு கிஷ்பெஷ்ட் கழகத்தைப் பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ்க் கொண்டுவந்தது. தாய்நாட்டுக் காவலன் எனப் பொருள்படும் 'ஹொன்வேட்' என்பது கழகத்தின் புதுப்பெயரானது. கட்டாயப் படைச்சேவை என்னும் வழியால் நாட்டின் தலைசிறந்த ஆட்டக்காரர்கள் அங்கே கொண்டுவரப்பட்டனர். கோச்சிஷ், சிபோர், கோல் காப்பாளர் க்ரோஷிச் ஆகியோர் இவ்வாறு வந்தவர்களே. வீரர்களுக்குப் பெயரளவில் இராணுவப் பதவிகளும் கிடைத்தன. புஷ்காஷ் மேஜர் ஆனார். மேலைநாட்டு இதழ்கள் அவரை 'பாய்ந்தோடும் மேஜர்' என்றன. களத்தில் துப்பாக்கி ஏந்தாத மேஜர்!

1952 ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் ஹங்கேரி இறுதியாட்டத்தில் யூகோஸ்லாவியாவை 2-0 என வென்று தங்கம் பெற்றது. அதே யூகோஸ்லாவியாதான் அப்போட்டியின் தொடக்கத்தில் இந்தியாவை 10-1 என வீழ்த்தியிருந்தது. அந்த ஹங்கேரி அணி எத்துணை உயரத்தில் நின்றது என்பதை நாம் இதைக்கொண்டே அளந்துகொள்ளலாம்.

1953 நவம்பர் 25, வெம்ப்ளி அரங்கம். பிரித்தானியத் தீவுகளுக்கு அப்பாலிருந்து வந்த எந்த அணியும் அதுவரை இங்கிலாந்தை அதன் மண்ணில் வென்றதில்லை. பயிற்சியாளர் குஸ்தாவ் ஷெபெஷ், நடுமுன்கள வீரரான ஹிடெக்குட்டியைப் பின்னுக்கு இழுத்து நடுக்களத்தில் உலவவிட்டார். அவரைக் காக்க வேண்டிய ஆங்கிலேயத் தடுப்பாளர் பின்தொடர்ந்து செல்வதா, தம் இடத்திலேயே நிற்பதா என்று திகைத்தார். சென்றால் முதுகுக்குப் பின்னே திறக்கும் வெளியில் புஷ்காஷும் கோச்சிஷும் நுழைந்தனர். நின்றால் ஹிடெக்குட்டிக்குத் தடையில்லை. முதல் நிமிடத்திலேயே கோல் விழுந்தது. மூன்றாம் கோலை இன்றும் பழைய படச்சுருளில் காணலாம். கோலுக்கு அருகே வலப்புறத்தில் புஷ்காஷிடம் பந்து வருகிறது. இங்கிலாந்தின் தலைவர் பில்லி ரைட் சறுக்கிக்கொண்டு பாய்கிறார். புஷ்காஷ் இடக்காலின் உள்ளங்காலால் பந்தைச் சற்றே பின்னுக்கு இழுக்கிறார். ரைட் வெறும் புல்லில் சறுக்கிக் கடந்து போகிறார். மறுகணம் அதே காலால் உதைத்த பந்து வலைக்குள். குள்ளமான, சற்றே பருத்த, தலையால் முட்டுவதில் பெரிதும் நாட்டமில்லாத, ஒற்றைக்காலையே நம்பிய ஒருவர் இதைச் செய்தார் என்பதே நமக்கு வியப்பு. 6-3. அடுத்த மே மாதம் புடாபெஸ்டில் 7-1.

1950 மே மாதத்திற்குப் பின் தோல்வியே காணாமல் 1954 உலகக்கோப்பைக்குச் சென்றது ஹங்கேரி. மேற்கு ஜெர்மனியை முதற்சுற்றில் 8-3 என வென்ற ஆட்டத்தில் லீப்ரிஹ் உதைத்ததில் புஷ்காஷின் கணுக்கால் சிதைந்தது. பிரேசிலுடனும் உருகுவேயுடனும் நடந்த ஆட்டங்களில் அவரில்லை. ஜூலை 4 அன்று பெர்ன் நகர இறுதியாட்டத்தில், காயம் ஆறாத காலுடன் இறங்கினார். எதிரில் மீண்டும் மேற்கு ஜெர்மனி. ஆறாம் நிமிடத்தில் அவரே கோலடித்தார்; எட்டாம் நிமிடத்தில் சிபோர். பதினெட்டாம் நிமிடத்திற்குள் ஜெர்மானியர் சமன் செய்துவிட்டனர். 84ஆம் நிமிடத்தில் ராஹ்ன் அடித்த கோலால் 3-2. இறுதிக்கணங்களில் புஷ்காஷ் பந்தை வலைக்குள் செலுத்தினார். கோடுநடுவர் கொடியை உயர்த்தினார். ஆஃப்சைடு. அக்கோல் முறையானதா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. புடாபெஸ்ட் வீதிகளில் மக்கள் கொதித்தெழுந்தனர். அச்சம் நிறைந்த அந்நகரில் மக்கள் உரக்கக் குரலெழுப்ப ஒரு காற்பந்துத் தோல்வி வாயிலானது என்பதை வரலாற்று மாணவர்கள் எளிதில் தள்ளிவிடக் கூடாது.

1956 அக்டோபரில் புரட்சி வெடித்தது; நவம்பரில் சோவியத் டாங்குகள் அதை நசுக்கின. அந்நாட்களில் ஹொன்வேட் அணி ஐரோப்பியக் கோப்பைக்காக வெளிநாட்டில் இருந்தது. பில்பாவோவில் 2-3 எனத் தோற்றது. மறு ஆட்டத்தைச் சொந்த ஊரில் நடத்த இயலாமல் டிசம்பர் 20 அன்று பிரஸ்ஸல்ஸில் ஆடி 3-3 என முடித்து வெளியேறியது. திரும்பு என்றது அரசு. அணியோ தடையை மீறி பிரேசிலுக்குச் சென்று ஆடியது. பின்னர்ச் சிலர் நாடு திரும்பினர், போஷிக் திரும்பினார். புஷ்காஷ், கோச்சிஷ், சிபோர் ஆகியோர் திரும்பவில்லை. பெயரளவில் தந்த மேஜர் பதவி இப்போது மெய்யாகவே கழுத்தைச் சுற்றியது. படை அதிகாரி திரும்பாவிட்டால் அவர் ஓடிப்போனவர் அல்லவா? உலகக் காற்பந்துக் கூட்டமைப்பும் அவருக்கு ஆடத் தடை விதித்தது. முப்பது வயதில் ஆட்டமின்றி, ஊரின்றி, உடல் பெருத்தார்.

1958இல் ரியல் மாட்ரிட் அவரை அழைத்தது. உடலைக் குறைத்து, தொடக்கத்திலிருந்து மீண்டும் தொடங்கினார். அங்கே அவர் பெயர் 'பாஞ்சோ'. லீக் ஆட்டங்களில் மட்டும் 180 முறை இறங்கி 156 கோல்கள். நான்கு பருவங்களில் ஸ்பெயினிலேயே மிகுந்த கோலடித்தவர். 1960 ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டத்திற்கு முன் ஒரு சிக்கல் எழுந்தது. 1954இல் ஜெர்மானிய வீரர்கள் ஊக்கமருந்து உட்கொண்டதாக அவர் கூறியிருந்தார். அதனால் அவர் இருக்கும் அணியுடன் ஜெர்மானியக் கழகங்கள் மோதக் கூடாதென அந்நாட்டுச் சங்கம் தடுத்திருந்தது. எதிரணியோ பிராங்பர்ட். எழுத்தில் மன்னிப்புக் கேட்ட பின்னரே ஆட்டம் நடந்தது. கிளாஸ்கோவில் ஒன்றேகால் இலட்சத்திற்கும் மேற்பட்டோர் முன்னிலையில் ரியல் 7-3 என வென்றது. நான்கு கோல்கள் புஷ்காஷுடையவை, மூன்று டி ஸ்டெஃபானோவுடையவை. மன்னிப்புக் கடிதத்திற்கு அவர் எழுதிய பின்குறிப்பு என்றே நாம் அதைக் கொள்கிறோம்.

1962 இறுதியாட்டத்தில் முதற்பாதியிலேயே மூன்று கோல்கள் அடித்தும் பென்ஃபிக்காவிடம் 3-5 எனத் தோற்றார். அவ்வணியின் பயிற்சியாளர் பேலா குட்மான். அவரும் புடாபெஸ்டில் பிறந்தவரே. அவ்வாண்டே ஸ்பெயினுக்காக உலகக்கோப்பையில் ஆடினார். கோல் ஏதும் இல்லை. தாய்நாட்டுக்காக 85 ஆட்டங்களில் 84 கோல்கள் அடித்தவர் வேறு சட்டை அணிந்த நான்கு ஆட்டங்களில் ஒன்றுகூட அடிக்கவில்லை.

1966இல் ஓய்வு பெற்றபின் பயிற்சியாளராக உலகைச் சுற்றினார். 1971இல் கிரேக்கத்தின் பனதினைகோஸ் அணியை ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டம் வரை அழைத்துச் சென்றார். களம் அதே வெம்ப்ளி, வென்றது அயாக்ஸ். பின்னர் ஆஸ்திரேலியாவின் சவுத் மெல்போர்னில் 1991இல் பட்டம் வென்றார். அவருடைய ஆங்கிலம் போதாமையால், கிரேக்கம் அறிந்த அணித்தலைவர் அஞ்செ போஸ்டெகோக்லு அவருக்கு மொழிபெயர்ப்பாளராகவும் காரோட்டியாகவும் இருந்தார். அந்த இளைஞர் பின்னாளில் புகழ்பெற்ற பயிற்சியாளரானார்.

கால் நூற்றாண்டு கழித்து, 1981இல்தான் புஷ்காஷ் மீண்டும் ஹங்கேரி மண்ணை மிதித்தார். 1993இல் சில ஆட்டங்களுக்குத் தேசிய அணியின் பயிற்சியாளராகவும் இருந்தார். 2000இல் அல்சைமர் நோய் கண்டறியப்பட்டது. 1953இல் 'மக்கள் அரங்கம்' என்னும் பெயரில் திறக்கப்பட்ட புடாபெஸ்டின் பேரரங்கிற்கு 2002இல் அவர் பெயர் சூட்டப்பட்டது. நினைவு நழுவிக்கொண்டிருந்த மனிதருக்கு அது எவ்வளவு எட்டியிருக்கும்?

2006 நவம்பர் 17 அன்று மறைந்தார். டிசம்பர் 9 அன்று அவ்வரங்கிலிருந்து மாவீரர் சதுக்கத்திற்கு உடல் கொண்டுசெல்லப்பட்டது. அங்கே படைவீரர்கள் அணிவகுத்து நின்று தங்கள் மேஜருக்கு இராணுவ மரியாதை செலுத்தினர். பின்பு தூய ஸ்டீபன் பேராலயத்தில் அடக்கம் செய்தனர்.