கப்பல் இயந்திர அறையில் பதவிப்பெயரும் விளிப்பெயரும்: மும்பை வழி ஒரு வரலாற்று நோக்கு

வணிகக் கப்பலின் இயந்திர அறையில் ஒருவர் மற்றவரை எவ்வாறு விளிக்கிறார் என்பது, அங்கு யார் யாருக்குக் கட்டுப்பட்டவர் என்பதைக் காட்டும். மும்பைத் துறைமுகத்தின்வழி இவ்விளிப்பெயர்களின் வரலாற்றைக் கண்டு, மொழிபெயர்ப்பாளர் கருத வேண்டியவற்றைக் கூறுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நீராவிக் காலப் பிரித்தானியக் கப்பல்களில் பொறியாளர் பெரும்பாலும் ஐரோப்பியர். மும்பையிலும் கல்கத்தாவிலும் சேர்க்கப்பட்டுக் கொதிகலன்முன் உழைத்தோர் லஸ்கர் எனப்பட்ட இந்தியர். பொறியாளரின் ஆணை சாரங்கு வழியாகவே தொழிலாளரை அடைந்தது. சாரங்கின்கீழ்த் தண்டல், எண்ணெயிடும் தேல்வாலா, தீ வளர்க்கும் ஆக்வாலா, கரி சுமக்கும் கோய்லாவாலா என்போர் அமைந்தனர். இவர்களின் பொதுமொழி இந்துஸ்தானியை அடிப்படையாகக் கொண்ட லஸ்கரி. தாமஸ் ரோபக் 1811இல் கல்கத்தாவில் வெளியிட்ட கப்பல் அகராதியை ஜார்ஜ் ஸ்மால் திருத்தி, 1882இல் லஸ்கரி அகராதியாக வெளியிட்டார்.

சொல் இடம்பெயரும்போது பதவியும் மாறுவது ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. தமிழில் தண்டயல் என்பவர் மரக்கலத் தலைவர். லஸ்கரியில் தண்டல் என்பவரோ சாரங்கின் துணைவர். அரபியில் ஆசிரியரைக் குறித்த முஅல்லிம் என்னும் சொல் லஸ்கரியில் மேல்தள அதிகாரியையும், தமிழில் ‘மாலுமி’யாகிக் கடலோடி எவரையும் குறிக்கலாயிற்று.

மும்பையில் 1927இல் தொடங்கிய டஃபரின் பயிற்சிக் கப்பலும், 1949இல் கல்கத்தாவிலும் மும்பையிலும் தோன்றிய கடற்பொறியியல் பயிற்சி நிறுவனமும் இந்திய அதிகாரிகளை உருவாக்கின. பொறியாளரும் தொழிலாளரும் ஒரே மொழியில் பேசும் நிலை வளர்ந்தது. தலைமைப் பொறியாளர் ‘படா சாப்’, மூன்றாமவர் ‘தீன் சாப்’, நான்காமவர் ‘சார் சாப்’, ஐந்தாமவர் ‘பாஞ்ச் சாப்’, மின் அதிகாரி ‘பத்தி சாப்’ என விளிக்கப்படலாயினர். ‘சார்’ இங்கு நான்கு என்னும் எண்ணே. தமிழ் எழுத்தில் அது மரியாதை விளியாகத் தோன்றி மயக்கம் தரும்.

இவ்விளி வயதை நோக்காது, பதவியையே நோக்கும். மாட்டுங்காவிலோ செம்பூரிலோ வளர்ந்த தமிழ் இளைஞர், தெருவில் ‘அண்ணே’ என்று அழைக்கக்கூடிய ஐம்பது வயதுத் தொழிலாளருக்குக் கப்பலில் ‘பாஞ்ச் சாப்’ ஆகிறார். அத்தொழிலாளரின் உரையாடலைத் தமிழாக்குவோர் ‘தம்பி’ என எழுதினால் வயது விளங்கும், பதவி மறையும். ‘ஐயா’ என எழுதினால் பணிவு விளங்கும். எண்ணால் அமைந்த படிநிலை மறையும். எனவே மூல விளியை அப்படியே காத்தல் நன்று.

பதவிப்பெயரிலும் இச்சிக்கல் உண்டு. ‘இரண்டாம் பொறியாளர்’ என்னும் பெயர் தமிழ் வாசகருக்கு இரண்டாந்தரம் என்னும் சாயலைத் தரக்கூடும். உண்மையில் முழுப்பொறுப்பு தலைமைப் பொறியாளருடையது எனினும், அன்றாட வேலையைப் பகிர்ந்தளித்து நடத்துபவர் இரண்டாமவரே. மரபான காவல் முறையில் 4 முதல் 8 வரை அவருடையது; 8 முதல் 12 வரை நான்காமவருடையது; 12 முதல் 4 வரை மூன்றாமவருடையது. விபத்து விசாரணை அறிக்கையை மொழிபெயர்க்கும்போது இவ்வேறுபாடு தவறினால் பொறுப்பு தவறானவர்மீது ஏறும். ஆகவே முதல் வருகையிலேனும் பதவிப்பெயருடன் அவர்தம் பணியையும் சுட்டுதல் இன்றியமையாதது.