மூக்கில் ஏறிய கட்டைவிரல்

டைனோசர்னாலே ஆளைக் கடிக்கிற ரகம்தான் எல்லாருக்கும் ஞாபகம் வரும். எனக்கு என்னவோ இலை தழை தின்ற இகுவானோடான் மேலதான் பிரியம். காரணம், அதுக்குப் பேர் வைத்த கிதியோன் மாண்டெல்.

இங்கிலாந்தில் லூயிஸ் என்ற ஊர் டாக்டர் அவர். 1820களின் தொடக்கத்தில் சில பெரிய பற்கள் கிடைத்தன. பாரிஸில் இருந்த மேதை குவியே பார்த்துவிட்டு, 'காண்டாமிருகப் பல்' என்றார். மாண்டெல் விடவில்லை. இகுவானா ஓணானின் பல்லோடு ஒப்பிட்டார். அதே சாடை, அளவு மட்டும் பல மடங்கு! குவியேவும் பிறகு ஒப்புக்கொண்டார். 1825-ல் 'இகுவானா பல்' என்ற பொருளில் பெயர் வைத்தார்.

ஆனா ஒரு தப்பு. கூம்பு மாதிரி கிடைத்த எலும்பை மூக்குக் கொம்பு என்று நினைத்துவிட்டார்.

எலும்புப் பைத்தியத்தில் காசு கரைந்தது, மனைவி பிரிந்தார், 1841-ல் வண்டி விபத்தில் முதுகெலும்பும் போச்சு. அந்த வலியோடவே, முன்னங்கால்கள் ஒல்லியானவை என்று தன் கருத்தைத் தானே திருத்தினார். 1852-ல் இறந்தார். 1854-ல் லண்டன் கிரிஸ்டல் பேலஸ் பூங்காவில் வைத்த சிலைகளோ யானைக்கால், மூக்குக் கொம்போடு நின்றன. இன்னும் நிற்கின்றன.

1878-ல் பெல்ஜியத்தின் பெர்னிசார் நிலக்கரிச் சுரங்கத்தில், 322 மீட்டர் ஆழத்தில், முழு எலும்புக்கூடுகள் கிடைத்தன. லூயி டோலோ ஆராய்ந்து சொன்னார்: கொம்பு ஒன்றல்ல, இரண்டு. இரண்டும் கையில். அது கட்டைவிரலாம்!

படம் பார்த்துச் சிரிக்கிறவங்க சிரிக்கட்டும். மூக்கில்தான் தப்பு, பல்லில் அவர் சொன்னதே சரி.